மூன்று வாரம் நின்ற அக்குவா: குற்றவாளி எந்தப் பற்றரி?

துணுக்காயிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்குவா, கைமாறி வாங்கியது. பாடசாலை விடுமுறைக்கு ரயிலில் கொழும்புக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பியிருக்கிறார். திறப்பின் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. திறப்புக்குள் மறைந்திருக்கும் இரும்புத் திறப்பை இழுத்தெடுத்துக் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் டாஷ்போர்டில் எல்லா விளக்குகளும் மங்கலாக வந்து துடித்தனவாம். எங்கோ உள்ளே டக்டக்கென்று ஒரு சத்தம். பிறகு முழு இருட்டு. அயலிலிருந்த இளைஞர்கள் ஒழுங்கை முனைவரை தள்ளியும் பார்த்திருக்கிறார்கள், பலனில்லை. கடைசியில் யாரோ வயர் கொடுத்து உயிர்ப்பித்துக் கராஜுக்குக் கொண்டுபோக, அங்கே கணினியைப் பொருத்திப் பார்த்தவர்கள் ஹைபிரிட் பற்றரி முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆசிரியை கேட்டது ஒரு வரிதான்: “அக்குவாவின் ஹைபிரிட் பற்றரி எத்தனை வருடம் உழைக்கும்?”

அம்மா, நீங்கள் கேட்க வந்தது அதுவல்ல என்று நினைக்கிறேன். கராஜில் சொன்ன தீர்ப்பை நம்பிப் பெருந்தொகையைக் கொடுக்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. ஒரு வார்த்தையில் சொல்வதென்றால், இப்போது கொடுக்காதீர்கள். நீங்கள் விவரித்த அறிகுறிகள் எல்லாம் சின்னப் பற்றரியின் அறிகுறிகள். பெரிய பற்றரிக்கும் கோளாறு இருக்கலாம், இல்லையென்று இங்கிருந்து சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சின்னது சரியாக இல்லாதபோது பெரியதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது ஊகம்.

உங்கள் காரில் இரண்டு பற்றரிகள் இருக்கின்றன. பெரியது 144 வோல்ட், நிக்கல் வகை, பின் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. காரை இழுப்பதும் அதுதான், எஞ்சினைச் சுழற்றி எழுப்புவதும் அதுதான். சின்னது 12 வோல்ட், சாதாரணக் கார்களில் உள்ளதைப் போன்ற ஈயப் பற்றரி. அதுவும் அதே ஆசனத்துக்கு அடியில் ஓர் ஓரமாக ஒளிந்திருக்கிறது. ‘ஹைபிரிட்டில் எஞ்சினை எழுப்புவது பெரிய பற்றரி என்றால் சின்னதுக்கு என்ன வேலை?’ என்று கராஜுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்கிறார்கள். அது காவல்காரன். கதவுப் பூட்டு, திறப்பை அடையாளம் காணும் கருவி, பிரேக்கின் கணினி, எஞ்சினின் கணினி எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுப்பது அதுதான். பெரிய பற்றரிக்கும் காருக்கும் நடுவில் கனமான ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள், இருக்கின்றன. கார் நிற்கும்போது அவை திறந்தே இருக்கும், பெரிய பற்றரி தனியாகத் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும். அந்த ரிலேக்களை மூடிப் பெரியதைக் காரோடு இணைக்கும் பலம் சின்னதிடமிருந்துதான் வரவேண்டும். நீங்கள் கேட்ட டக்டக் சத்தம், ரிலேக்கள் மூடப் பார்த்து, பலம் போதாமல் விட்டுவிடுகிற சத்தம். கோட்டைக்குள் படை முழுதும் இருந்தும் வாசல் திறக்கிறவன் மயங்கிக் கிடந்தால் என்ன நடக்கும்? அதுதான் உங்கள் முற்றத்தில் நடந்தது.

தள்ளினால் ஏன் எழும்பவில்லை என்பதும் இதிலேயே விளங்கிவிடும். பழைய லான்சரையும் சன்னியையும் நாங்கள் ஒழுங்கையில் தள்ளிக் கிளட்ச்சை விட்டு எழுப்பியிருக்கிறோம். ஹைபிரிட்டில் அப்படி விடுவதற்குக் கிளட்ச் மிதி இல்லை. கணினிகள் விழிக்காமல் எதுவும் அசையாது. பிரியஸில் நிலைமை இன்னும் மோசம்: காரை நிறுத்தி வைக்கும் ‘பி’ (பார்க்) நிலையின் பூட்டே மின்சாரத்தில் இயங்குவதால், பற்றரி இறங்கினால் காரைத் தள்ளி நகர்த்தவும் முடியாது.

இனிக் கணினி காட்டிய பிழைக்கு வருகிறேன். எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான். 12 வோல்ட் பத்துக்கும் கீழே விழுந்து எழும்போது ஒவ்வொரு கணினியும் மற்றதோடு பேச்சை இழக்கிறது. உடனே ஒவ்வொன்றும் ஒரு பிழையைப் பதிந்து வைக்கிறது: பிரேக் பிழை, ஸ்டியரிங் பிழை, ஹைபிரிட் அமைப்பில் பிழை. அந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் கார் முழுவதும் செத்துப்போனது போலத் தெரியும். முறை என்னவென்றால், முதலில் சின்னதை முழுதாகச் சார்ஜ் செய்ய வேண்டும், அல்லது நல்லதொன்றைப் பொருத்த வேண்டும். பிறகு பிழைகளை அழித்துவிட்டு நாற்பது ஐம்பது கிலோமீற்றர் ஓடி, மறுபடி கணினியைப் பொருத்த வேண்டும். அப்போதும் பி0ஏ80 என்ற பிழை திரும்பி வந்தால், பெரிய பற்றரி பலமிழந்திருக்கிறது என்று பேசலாம். அதற்கும் உள்ளேயுள்ள தொகுதிகளின் வோல்ட் அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டும்படி கேளுங்கள். காட்ட மறுக்கிற இடத்தில் பணம் கொடுக்க வேண்டாம்.

சின்னது ஏன் இறங்கியது? கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பூட்டி நிறுத்திய காரும் முழுதாகத் தூங்குவதில்லை. திறப்பு பக்கத்தில் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் உள்ள கார் இப்படி 20 முதல் 50 மில்லி ஆம்ப் வரை குடிக்கும். 50 என்று வைத்தால் நாளுக்கு 1.2 ஆம்ப்-மணி. மூன்று வாரத்தில் 25. புதிய பற்றரியின் கொள்ளளவை ஒரு 35 ஆம்ப்-மணி என்று கொண்டால் அது எப்படியோ தாங்கிவிடும். நான்கைந்து வருடம் வெயிலில் வெந்து கொள்ளளவில் பாதியை இழந்த பற்றரி தாங்காது. இதோடு நிறுத்தத்திலும் படம் பிடிக்கிற கமெரா ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கணக்கே மாறிவிடும். அது 250 மில்லி ஆம்ப் இழுத்தால் நாளுக்கு 6 ஆம்ப்-மணி. ஆறு நாளில் பற்றரி காலி. உங்கள் காரில் கமெராவோ, பிறகு பூட்டிய அலாரமோ, இடம் காட்டும் கருவியோ இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

வெயிலைச் சும்மா சொல்லவில்லை. ஈயப் பற்றரிக்கு வெப்பம் ஏறக்குறைய பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. சித்திரை வெயிலில் நிழலே இல்லாத கிரவல் முற்றத்தில் நிற்கும் காருக்குள் கையை வைக்க முடியாது. நுவரெலியாவில் ஏழு வருடம் ஓடுகிற பற்றரி இங்கே நான்கு வருடம் ஓடினால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வந்து ஓடுவதற்காக வாங்கி வைத்த கார்கள் வன்னியில் நிறைய நிற்கின்றன. விசுவமடுவில் அப்படியொரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. “மகன் சொன்னபடி கிழமைக்கு ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறன் தம்பி, பிறகும் ஏன் இறங்குது?” என்று அந்த அம்மா கேட்டார். செய்து காட்டுங்கள் என்றேன். கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை வெளியே வைத்தபடியே பொத்தானை அழுத்தினார். பொத்தானில் மஞ்சள் வெளிச்சம் வந்தது, வானொலி பாடியது. “பாருங்கோ, ஸ்டார்ட்டிலதான் நிக்குது” என்றார். பிரேக்கை மிதிக்காமல் அழுத்தினால் கார் எழும்பாது, வானொலிக்கும் விளக்குக்கும் மட்டும் மின்சாரம் வரும். அதையும் கொடுப்பது சின்னப் பற்றரி. எழும்பிய ஹைபிரிட்டும் சத்தம் போடாது, எழும்பாததும் சத்தம் போடாது. வேறுபாடு டாஷ்போர்டில் பச்சையாக வரும் ‘ரெடி’ என்ற எழுத்தில்தான் இருக்கிறது. கிழமைக்குக் கிழமை அந்த அம்மா பற்றரியைப் பத்து நிமிடம் வடித்துவிட்டு, ஏற்றியதாக நினைத்துக் கதவைப் பூட்டியிருக்கிறார். அவரில் பிழையில்லை, இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியிலும் இதே கதைதான். கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்கி வரும்வரை பிள்ளைகள் பாட்டுக் கேட்கட்டும் என்று ‘ரெடி’ இல்லாமல் விட்டுப் போவார்கள், திரும்பி வந்தால் பொத்தான் பேசாது. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றபோது இப்படி இறங்கிய ஹைபிரிட்களை ஒரு நாளில் மூன்று நான்கு என்று பார்த்தேன். நின்றுகொண்டு எதையாவது பாவிக்க வேண்டுமென்றால் ‘ரெடி’யில், கியர் ‘பி’யில் விடுங்கள். ‘என்’னில் (நியூட்ரலில்) விடாதீர்கள், அந்த நிலையில் பெரிய பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. வோல்ட் மீட்டர் ஒன்றை வாங்குங்கள் அல்லது இரவல் எடுங்கள். இரவு பூட்டிய காரை விடியற்காலையில், எதையும் இயக்குவதற்கு முன் அளவுங்கள். போனட்டுக்குள் பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடிக்கு அடியில் ஒரு முனை இருக்கும். அதில் மீட்டரின் சிவப்பு, எஞ்சினின் மினுங்குகிற வெறும் இரும்பில் கறுப்பு. 12.6க்கு மேல் என்றால் சார்ஜ் நன்றாக இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12க்குக் கீழே என்றால் பற்றரி ஏறக்குறைய வெறுமை. பிறகு ‘ரெடி’ வராமல் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டுப் பாருங்கள். காலையில் 12.6 காட்டியது 11.5க்குக் கீழே ஓடிவிட்டால் அந்தப் பற்றரி வெறும் ஓடு. இந்த 11.5 புத்தகத்தில் உள்ள எல்லையல்ல, என் கையில் படிந்த எல்லை. அடுத்து ‘ரெடி’யில் வைத்து அளவுங்கள். 13.8க்கும் 14.5க்கும் நடுவில் நின்றால் ஏற்றுகிற பகுதி நலம். ஹைபிரிட்டில் ஓல்டர்னேற்றர் கிடையாது. பெரிய பற்றரியின் மின்சாரத்தை 12 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கிற கன்வேர்ட்டர்தான் சின்னதை ஏற்றுகிறது. ‘ரெடி’யிலும் 12.3, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால் பற்றரியை மாற்றிப் பயனில்லை. பெரிய பியூஸையும் கன்வேர்ட்டரையும் பார்க்க வேண்டும். அது அரிது. என் அனுபவத்தில் அப்படி வந்தவற்றில் அநேகமானவை, யாரோ ஜம்பர் வயரை மாறிக் கொடுத்ததால் வந்தவை.

அந்த மாறாட்டத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், உங்களுக்கும் யாரோ வயர் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். வன்னியில் வீதியில் நின்றால் உதவிக்கு முதலில் நிற்பது மணல் டிப்பர். டிப்பரில் இரண்டு பற்றரிகளைத் தொடுத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அதை ஹைபிரிட்டில் கொடுத்தால் கணினிகள் கருகும். நல்ல மனதோடு உதவ வந்தவரைக் கோபிக்காமல் அனுப்பிவிடுங்கள். உழவு இயந்திரத்தின் பற்றரி 12 வோல்ட் என்றால் எடுக்கலாம், எஞ்சின் ஓடாமல் நிற்க வேண்டும். உண்மையில் அவ்வளவு பெரியதும் தேவையில்லை. இங்கே எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பற்றரி என்பதால் சின்னதுக்கு வேண்டியது கணினிகளை எழுப்பும் அளவுதான். மாங்குளம் சந்திக்கு இப்பால் ஒரு மழைநாளில், மோட்டார் சைக்கிளின் பற்றரியைக் கழற்றி இரண்டு துண்டு வயரால் கொடுத்து ஒரு பிரியஸை எழுப்பியிருக்கிறேன். ‘ரெடி’ வந்ததும் உரிமையாளர் என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒழுங்கு இதுதான்: சிவப்பு முதலில் இறங்கிய காரில், பிறகு நல்ல பற்றரியில். கறுப்பு முதலில் நல்ல பற்றரியில், கடைசியாக இறங்கிய காரின் வெறும் இரும்பில். மறுவளமாக, உங்கள் அக்குவாவைக் கொண்டு வேறொரு லொறியையோ வானையோ எழுப்பிக் கொடுக்காதீர்கள். அந்தச் சுமை உங்கள் கன்வேர்ட்டருக்குப் பழக்கமில்லாதது.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால் இன்னொரு பொறி இருக்கிறது. இந்தப் பற்றரி மனிதர் இருக்கும் அறைக்குள் இருக்கிறது. ஈயப் பற்றரி ஏறும்போது ஐதரசன் வாயு வரும். அதனால்தான் தொழிற்சாலையில் அமிலம் சிந்தாத ஏஜிஎம் வகையைப் பொருத்தி, வாயுவை வெளியே விடும் மெல்லிய குழாய் ஒன்றையும் கொடுத்திருக்கிறார்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்றபிறகு பழைய கார்களையே இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருந்த காலத்தில், கிடைத்த சாதாரணப் பற்றரியைத் திணித்த கார்கள் நிறைய வந்தன. ஒரு பிரியஸின் டிக்கியைத் திறந்தபோது மூக்கில் ஏறிய புளிப்பு மணம் இன்னும் நினைவிருக்கிறது. பற்றரியைத் தூக்கினால் அடித்தகடு வெள்ளை பூத்து, விரலால் குத்த உதிர்ந்தது. முனைகளும் பொருந்தவில்லை. இந்தப் பற்றரிகளின் முனை மெல்லியது, கிளாம்பும் அதற்கேற்ற சிறியது. பெரிய முனை வாங்கி ஏறாததால் கிளாம்பை அறுத்து விரித்திருந்தார்கள். அதற்கு முந்தியவரோ தளர்ந்த கிளாம்புக்குள் சோடா டின்னை வெட்டி மடித்துச் செருகியிருந்தார், தகட்டில் பாதி எழுத்து இன்னும் வாசிக்க முடிந்தது. அந்த இடம் சூடாகிக் கறுத்திருந்தது. அதனால் வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: ஏஜிஎம் வகையா, வாயுக் குழாய் பொருந்துகிறதா, முனையின் பருமனும் பக்கமும் பழையதைப் போலவே இருக்கின்றனவா. கழற்றும்போது கறுப்பு முதலில், பூட்டும்போது கறுப்பு கடைசியில்.

இருக்கிற பற்றரி இளசு, ஒரு தடவைதான் இறங்கியது என்றால் மெதுவாகச் சார்ஜ் செய்து பார்க்கலாம். 4 ஆம்புக்கு மேல் கொடுக்காமல், 14.7 வோல்ட் தாண்டாமல், ஓர் இரவு. உழவு இயந்திரப் பற்றரிகளை ஏற்றுகிற பழைய பெரிய சார்ஜரில் தொடுத்துவிட்டால் ஏஜிஎம் வெந்துபோகும். இந்தப் பாடத்தை நான் படித்தது கார்களில் அல்ல. போர்க்காலத்தில் வன்னிக்குப் பற்றரி கொண்டுவரத் தடை இருந்தது. ஒரு பழைய பற்றரி செத்தால் இன்னொன்று கிடையாது. ஊரில் ஜெனரேற்றர் வைத்திருந்தவரிடம் பற்றரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவோம். அவசரப்பட்டு ஏற்றுகிறவரிடம் ஒருவரும் போக மாட்டோம். அவசரமாகக் கொதிக்க வைத்துத் தருபவரிடம் கொடுத்த பற்றரி அடுத்த பொங்கலைக் காணாது என்று என் ஆசான் சொல்வார்.

உங்கள் அளவுகள் நல்லதாக வந்தும் கார் மறுபடி இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. காரைப் பூட்டி, திறப்பை வீட்டுக்குள் தூரமாக வைத்து, அரை மணி நேரமாவது கணினிகள் தூங்க விட்டபிறகுதான் கசிவை அளக்க வேண்டும். உடனே அளந்தால் ஒன்றிரண்டு ஆம்ப் காட்டும், அது பொய்ப் பயம். தூங்கியபிறகும் 100 மில்லி ஆம்புக்கு மேல் நின்றால் பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம். நான் கண்ட குற்றவாளிகள்: கமெரா, அலாரம், பிறகு பூட்டிய பாட்டுச் செற், அணையாத டிக்கி விளக்கு. ஒரு தடவை எலி. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற கார். போனட்டுக்குள் வைக்கோலும் வயர்த் தோலுமாகக் கூடு கட்டிக் குட்டியும் போட்டிருந்தது.

நான் சொன்னவை டொயோட்டா அமைப்புக்கு உரியவை. வேகன் ஆர் போன்ற சிறு ஹைபிரிட்களில் காலையில் எஞ்சினைச் சுழற்றுவது 12 வோல்ட் பற்றரியும் சாதாரண ஸ்டார்ட்டருமே. அதற்குப் பொருத்தும் பற்றரி வகையே வேறு. ஹொண்டாக்காரர் இதை வாசித்து அப்படியே பின்பற்ற வேண்டாம். பெரிய பற்றரியின் மின்சாரம் ஓடுகிற செம்மஞ்சள் வயர் உள்ள எதையும் வீட்டில் தொடக் கூடாது, அது எந்தக் காராக இருந்தாலும். ஒன்றை மட்டும் நீங்களே பார்க்கலாம்: பின் ஆசனத்துப் பக்கத்திலுள்ள காற்றுத் துவாரம். பெரிய பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அதனூடாகத்தான் போகிறது. எங்கள் செம்மண் புழுதி அதை அடைத்துவிட்டால் பெரிய பற்றரி நிஜமாகவே நோயாளியாகும். அதற்கு முன்னால் பாடசாலைப் பையையோ தலையணையையோ வைக்காதீர்கள்.

அடுத்த விடுமுறைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் போவதென்றால் கறுப்பு முனையைக் கழற்றிவிட்டுப் போங்கள். மணிக்கூடும் கண்ணாடிகளின் தானியங்கி அசைவும் மறந்துபோகும், திரும்பப் பழக்கலாம். கழற்ற மனமில்லாவிட்டால் யாரிடமாவது சொல்லிக் கிழமைக்கு ஒருமுறை, பச்சை ‘ரெடி’ வந்ததை உறுதிசெய்து, திறந்த வெளியில் ஒரு மணி நேரம் விடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதாது.

இப்போதைக்குக் கராஜில் இன்னும் பணம் கட்டவில்லையென்றால் காரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். விடியற்காலை அளவு, ‘ரெடி’யில் அளவு, பற்றரியின் முகத்தில் எழுதியிருக்கும் எழுத்தும் எண்ணும், கண்ணாடியில் கமெரா இருக்கிறதா இல்லையா. இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள், மீதியை அதை வைத்துப் பார்ப்போம்.